வணக்கம் போட்ட பிறகு

கரட்டுக்காடு, பள்ளிபாளையம் வழி
9.2.2025

தம்பி தீனதயாளனுக்கு,

அக்கா சௌந்தர்யா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமாவும் ஆறு தறிகளும் நலம். அங்கே சூரத்தில் நீயும் இலக்கியாவும் நலமா என்று கேட்பது முறை. அதனால் கேட்கிறேன்.

தபாலைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வரும். வேறு வழி இல்லை. தை மாதம் மாரியம்மன் கோயிலில், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "என் தறிப்பட்டறைக்கு மறுபடி வண்டி வர்ற வரைக்கும் தம்பியோட பேச மாட்டேன்" என்று சொன்னேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆத்தாளுக்கு இந்த வித்தியாசம் தெரியும். வாட்ஸப்பில் எழுதலாமே என்று மாமா கேட்டார். அதில் குரல் அனுப்பவும் ஒரு பொத்தான் இருக்கிறது. கோபத்தில் என் விரல் அதில் பட்டுவிட்டால் சத்தியம் போச்சு.

நீ ஊருக்குப் போன பிறகு நடந்ததைக் கேள். உன் மாமாவின் அண்ணன், என் மச்சாண்டார் அருணகிரி, தன் பண்ணைக்கும் என் பட்டறைக்கும் நடுவில் தடத்தின் குறுக்கே இரும்புக் கேட்டு போட்டுவிட்டார். ஆள் மட்டும் நுழைகிற அகலத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து விட்டிருக்கிறார். என் மாமனார் காலத்திலிருந்து எல்லாருக்கும் பொதுவாக இருந்த தடம் அது. மெயின் ரோட்டிலிருந்து அவர் கோழிப்பண்ணை வரைக்கும் அவருடைய முட்டை வேன் ஜம்மென்று போகிறது. அதைத் தாண்டி இருக்கிற என் பட்டறைக்கு மட்டும் வண்டி வரக்கூடாது. நூல் சுற்றிய பீமை ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறான் டெம்போக்காரன். ஒரு பீமை மூங்கிலில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறோம். வழியில் முட்டை வேன் வந்தால் வேலி முள்ளில் ஒதுங்கி நிற்கிறோம்.

"நடந்து போகலாம், வண்டி வாகனம் கூடாது" என்று அன்றைக்குக் கோயிலில் பெரியவர்களை வைத்துச் சமாதானப் பத்திரம் எழுதினார்களே, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றபோது பேனா மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தவன் நீ. "விட்டுக் கொடுத்துருங்கக்கா, நல்லதா முடிஞ்சிரும்" என்றாய். முடிந்துவிட்டது என்று நீங்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டீர்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. 'பாலக்கரைப் பூகம்பம்' பார்த்தவள் நான். முடிந்தது என்று போட்ட பிறகுதான் நம்ம படம் ஆரம்பிக்கும்.

கோபத்துடன்,
அக்கா

---

சூரத்
24.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீனா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? உங்களுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இலக்கியா சத்தமாகப் படித்தாள். உங்கள் குரலிலேயே படித்தாள். எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அக்கா, நான் உங்களுக்குக் கெடுதல் நினைத்தா பேனாவைக் கொடுத்தேன்? அருணகிரி மாமா கோர்ட்டுக்குப் போயிருந்தால் பத்து வருஷம் இழுத்திருக்கும். மாமாவுக்கு அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசவே வராது. ஒருத்தர் கத்தும்போது இன்னொருத்தர் தணிந்து போனால்தான் குடும்பம் நிற்கும். நான் இந்த மில்லில் பன்னிரண்டு வருஷமாகச் சூப்பர்வைசராக இருப்பதே அப்படித்தான்.

இதில் சினிமாவை எதற்கு இழுக்கிறீர்கள்? 'பாலக்கரைப் பூகம்பம்' ஒரு டப்பாப் படம். ஈரோட்டில் நாலே நாளில் தூக்கிவிட்டார்கள். அந்த ஹீரோ அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் வரவில்லை. நாம் சின்னப் பிள்ளைகள், டென்ட் கொட்டாயில் எதைப் போட்டாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அவ்வளவுதான்.

கோபம் தணிந்து ஒரு போன் செய்யுங்கள்.

தங்கள் தம்பி,
தீனா

---

கரட்டுக்காடு
6.3.2025

தீனாவுக்கு,

நலம். பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்தவுடன் இரண்டாகப் போட்டுக்கொண்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அந்தப் படத்தை டப்பா என்று சொல்லாதே. நீ அப்போது நாலாவது படித்தாய், முறுக்கு தின்பதிலேயே பாதிப் படம் போய்விட்டது. எனக்குப் பதினைந்து வயசு. ஒவ்வொரு காட்சியும் சொல்லுவேன்.

மற்றப் படங்களில் ஹீரோ பறந்து பறந்து அடிப்பான். சுவரில் ஏறுவான், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருவான். நம்ம காளியண்ணன் ஒரு சண்டையிலாவது ஓடியிருக்கிறானா? நடந்துதான் வருவான். கல்குவாரிக்காரன் எட்டு ஊருக்கும் போகிற பாலத்தில் கேட்டு போட்டு மறித்துவிடுகிறான். கம்பும் செயினுமாக அடியாட்கள் நிற்கிறார்கள். காளியண்ணன் ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து வருகிறான். அடிக்கிறார்கள், விழுகிறான், எழுந்து மறுபடி நடக்கிறான். அவனை நிறுத்த முடியாமல்தான் அவர்கள் தோற்கிறார்கள். அவன் அடித்ததைவிட வாங்கியதுதான் ஜாஸ்தி. அடிக்கத் தெரிந்தவன் ஜெயிப்பதைப் பார்க்க எனக்கு என்ன இருக்கிறது? நானும் என் பட்டறையில் தறி ஓட்டுகிற நல்லம்மாளும் யாரை அடிக்கப் போகிறோம்? நடக்க எங்களுக்கும் தெரியும். அதனால்தான் பெண்கள் பக்கம் அத்தனை விசில்.

முதல் நாள் நடந்தது உனக்கு மறந்திருக்காது. பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்து சமாதானம் பேசி, பாலத்துச் சாவியைக் குவாரிக்காரனிடமே கொடுத்துவிட்டு, காளியண்ணன் பெட்டியோடு பஸ் ஏறிப் போய்விடுவான். பஸ் புழுதியில் மறையும். திரையில் 'வணக்கம்' என்று போட்டார்கள். எல்லாரும் எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, சீ இதென்ன படம் என்று திட்டிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டோம். அப்போது திரையில் மறுபடி வெளிச்சம் வந்தது. பாலம். அந்தக் கோடியில் ஒரு ஆள். காலை இழுத்துக்கொண்டு நடந்து வருகிறான்.

எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தோம் பார், தீனா. அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை.

அக்கா

---

கரட்டுக்காடு
20.4.2025

தீனாவுக்கு,

நலம். நீ நலமா?

நான் எழுதி ஒன்றரை மாதம் ஆகிறது. பதில் இல்லை. உனக்கும் ரோஷம் வந்துவிட்டதா? வந்தால் நல்லதுதான், இந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளைக்கு ரோஷம் வந்து பார்த்ததில்லை.

இலக்கியாவுக்குப் போன் செய்தேன். அவளோடு பேசக்கூடாது என்று சத்தியம் இல்லையே. "நல்லா இருக்காருங்க அண்ணி" என்றாள். என்ன கேட்டாலும் அதையேதான் சொன்னாள். பக்கத்தில் நீ நின்று சொல்லிக்கொடுத்தது போல இருந்தது.

ஒரு வரி எழுது.

அக்கா

---

சூரத்
18.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீனா எழுதுவது. நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். மில்லில் வேலை அதிகம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மடியில் வைத்து எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் லீவு கிடைத்தது. படுத்துக்கொண்டே போனைப் பார்த்ததில் யாரோ 'பாலக்கரைப் பூகம்பம்' முழுப் படத்தையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் மொத்தமே சில நூறு பேர். அடியில் ஒருவர் எழுதியிருந்தார்: அந்த நடிகருக்கு முதல் நாள் ஷூட்டிங்கிலேயே கணுக்கால் உடைந்துவிட்டதாம். படத்தை நிறுத்தப் பணம் இல்லாமல், எல்லாச் சண்டையையும் நடந்துகொண்டே போடுகிற மாதிரி மாற்றிவிட்டார்களாம். நடக்கிற பூகம்பம் என்று அப்போது கேலி செய்தார்களாம்.

நானும் கேலியாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். பாலத்துச் சண்டை வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எழுதியது சரி. மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன்.

ஆனால் அக்கா, ஒரு விஷயம். படத்தில் சண்டை முதலில் வருகிறது. பாலத்தைத் திறக்கிறான், ஊரே கொண்டாடுகிறது. அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் உட்காருகிறார்கள், இவன் சாவியைக் கொடுக்கிறான், பஸ் ஏறுகிறான், வணக்கம். அதுதான் முடிவு. நம் ஊர் ஆபரேட்டர் அர்த்தநாரி மாமா ரீலை மாற்றி ஓட்டியிருக்கிறார். டப்பாக்களின் மூடி மாறிப் போயிருக்கும். பின்னால் வர வேண்டியது முன்னால் வந்துவிட்டது.

நீங்கள் இருபத்தேழு வருஷமாக மனசில் வைத்திருக்கிற முடிவு ஒரு தப்பு. ஜெயித்தவனே கடைசியில் விட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறான். படம் எடுத்தவர்கள் சொல்ல வந்தது அதுதான். வருத்தமாக இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தங்கள்,
தீனா

---

கரட்டுக்காடு
1.6.2025

தீனாவுக்கு,

நலம். இங்கே ஒரு மழை பெய்து தடம் சேறாகிவிட்டது. பீம் தூக்கும்போது நல்லம்மாள் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். மச்சாண்டார் பண்ணை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. மடியில் வைத்து எழுதாதே, மேசை வாங்க வக்கில்லையா?

ரீல் மாறியது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? முதல் நாள் மாறியதுதான் தப்பு. இரண்டாம் நாள் நீ காய்ச்சலில் படுத்திருந்தாய், நானும் அம்மாவும் மட்டும் போனோம். அதனால் உனக்குத் தெரியாது. அர்த்தநாரி மாமா தப்பைக் கண்டுபிடித்து, அன்றைக்கு ஒழுங்காக ஓட்டினார். பாலத்துச் சண்டை, பிறகு சமாதானம், பிறகு பஸ், வணக்கம். கொட்டாயில் ஒரு சத்தம் இல்லை. பெண்கள் பக்கம் யாரும் எழுந்திருக்கவும் இல்லை. முதல் நாள் பார்த்தவர்கள் பாதிப் பேர். இன்னும் வருவான் என்று உட்கார்ந்திருந்தோம். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

நான் எழுந்து போய் ஆபரேட்டர் ரூம் தட்டியைத் தட்டினேன். அம்மா பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க மாமா, நேத்து போட்ட மாதிரி போடுங்க" என்றேன். "அது தப்புங்கண்ணு, மூடி மாறிப்போச்சு. இதுதான் படம்" என்றார். "எங்களுக்கு அந்தப் படம்தான் வேணும்" என்றேன். எனக்குப் பின்னால் பார்த்தால் பெண்கள் பக்கம் முழுக்க நிற்கிறது. நல்லம்மாள் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். "நேத்து மாதிரி போடுங்க, இல்லாட்டி நாளைக்கு ஒருத்தியும் வர மாட்டோம்" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு அந்த இரண்டு ரீலையும் மறுபடி ஓட்டினார். மறுநாளிலிருந்து படம் ஊரை விட்டுப் போகிற வரைக்கும் நாங்கள் சொன்ன வரிசையில்தான் ஓடியது. பக்கத்து ஊர்களிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஈரோட்டில் நாலு நாள் ஓடிய படம், இங்கே மூன்று வாரம்.

எடுத்தவன் எந்த வரிசையில் எடுத்தான் என்பது அவனோடு போகட்டும். மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்கள். சமாதானம் பேசினார்கள், சாவியைக் கொடுத்தார்கள், வணக்கம் போட்டார்கள். அதற்கப்புறம் அவன் நடந்து வந்தான். என் விஷயத்திலும் அதுவரைக்கும் ஆகிவிட்டது.

பத்திரத்தை எடுத்து மறுபடி படித்தேன். "நடந்து போகலாம்" என்று இருக்கிறது. சரி, நடக்கலாம்.

அக்கா

---

சூரத்
19.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நல்லம்மாள் அக்காவுக்கு முழங்கால் தேவலையா?

இரண்டாம் நாள் கதை எனக்குத் தெரியாது. அம்மாகூட ஒரு நாளும் சொன்னதில்லை. படிக்கும்போது சிரித்தேன், இலக்கியா திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்து நாளாகிவிட்டது என்றாள்.

ஆனாலும் எதுவும் வம்பாகச் செய்துவிடாதீர்கள். தாளில் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், அக்கா. அதற்குப் பிறகு நாம் என்ன சொன்னாலும் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எனக்கு நன்றாகத் தெரியும்.

தீனா

---

கரட்டுக்காடு
14.7.2025

தீனாவுக்கு,

நலம். எல்லாரும் மிகவும் நலம். காரணம் இருக்கிறது.

பத்து நாளாக நடக்கிறோம். மச்சாண்டாரின் முட்டை வேன் காலை ஏழு மணிக்குப் பண்ணையை விட்டுக் கிளம்பி ரோட்டுக்கு வரும். தீவன லாரி எட்டரைக்கு உள்ளே போகும். டெம்போக்காரனை ஏழு மணிக்குச் சரியாக பீம் இறக்கச் சொல்லிவிட்டேன். முன்பெல்லாம் ஓரமாக, அவசர அவசரமாகப் போவோம். இப்போது தடத்தின் நடுவில் போகிறோம். பீமுக்கு நாலு பேர். பக்கத்துப் பட்டறைப் பெண்கள் முன்னாலும் பின்னாலும் வருகிறார்கள், கூலி வேலைக்குப் போகிற வழிதானே. யாரும் ஓடுவதில்லை. பாரம் தூக்குகிறவள் எப்படி நடப்பாளோ அப்படி நடக்கிறோம். நல்லம்மாளுக்கு முழங்கால் இன்னும் சரியாகவில்லை, அவள் காலை இழுத்து இழுத்துத்தான் முன்னால் போகிறாள். அவளைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எதிரே முட்டை வேன் நிற்கிறது. ஹாரன் அடித்தான் டிரைவர். நல்லம்மாள் நின்று, "நடந்துட்டுத்தானே இருக்கறோம் சாமி, கொஞ்சம் பொறு" என்றாள். வேன் பின்னால் பின்னால் போய்ப் பண்ணைக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

நாலாம் நாள் மச்சாண்டார் போலீஸைக் கூட்டி வந்தார். நான் பத்திரத்தை நீட்டினேன். ஏட்டையா படித்தார். "நடக்கலாம்னுதானுங்களே எழுதி, நீங்களே கையெழுத்தும் போட்டிருக்கறீங்க? எவ்வளவு வேகமா நடக்கோணும்னு எழுதலீங்களே" என்று மச்சாண்டாரிடம் கேட்டுவிட்டு, பத்திரத்தை என்னிடமே கொடுத்துப் போய்விட்டார். அந்தப் பத்திரத்தை வரிக்கு வரி சொல்லி எழுத வைத்தவரே மச்சாண்டார்தான்.

பிறகு வாசலில் நின்று கத்தினார். "நந்தகுமாரு, உம் பொண்டாட்டிய அடக்கி வெய்யி" என்றார். உன் மாமா பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் சந்து வழியாக வெளியே வந்து, பீம் தூக்கி வந்த மேகலா தோளில் இருந்த மூங்கிலை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னையும் பார்க்கவில்லை. "போலாமா" என்று மட்டும் கேட்டார். இருபது வருஷத்தில் அந்த மனுஷன் பேசியதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

நேற்று அர்த்தநாரி மாமா வந்திருந்தார். வயசாகிவிட்டது, பேரன் வண்டியில் கூட்டி வந்தான். நாங்கள் போவதைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் மூடிய மாத்திப் போட்டுட்டியா கண்ணு" என்றார்.

இப்போது உன் விஷயம். நல்லம்மாள் இடதுகைக்காரி. பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எத்தனை பீஸ் என்று எழுதுவாள், எழுதும்போதே அவள் கை அதை அழித்துக்கொண்டே போகும். நேற்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் வீட்டுக்கு வந்து உன் கடைசி இரண்டு கடிதத்தையும் எடுத்தேன். ஒவ்வொரு வரியிலும் மை அதே மாதிரி வலப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. எழுத்தெல்லாம் பின்னால் சாய்ந்திருக்கிறது.

உன் வலது கைக்கு என்ன ஆயிற்று, தீனா?

அக்கா

---

சூரத்
2.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் பதினைந்தாம் தேதி தறியில் கை மாட்டிக்கொண்டது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கிறது. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று இலக்கியாவிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். அவளைத் திட்டாதீர்கள்.

மெஷினில் காப்புத் தகடு இருக்க வேண்டும். வேகம் குறைகிறது என்று மேலே இருப்பவர்கள் கழற்றச் சொன்னார்கள். கழற்ற வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். பிறகு தணிந்து போய்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஒரு தாளோடு வந்தார்கள். தகடு இருந்தது, என் கவனக்குறைவால் நடந்தது என்று எழுதியிருந்தது. கையெழுத்து வைத்துக் கொடுத்தால் வேலை இருக்கும் என்றார்கள். வலது கையில் கட்டு. இடது கையில் எழுத வராது. டிப்ளமோ படித்தவன், அக்கா, இடது கட்டை விரலில் மை தடவி ரேகை வைத்தேன். இப்போது ஸ்டோர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். என் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் படம் பார்த்தேன். சண்டை முதலில், சமாதானம் கடைசியில் என்று வந்தபோது, ஒரு பக்கம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் செய்ததும் சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் உங்கள் முடிவு தப்பு என்று அவ்வளவு அடித்து எழுதினேன்.

மாமா மூங்கிலை வாங்கினார் என்று படித்தபோது அழுதுவிட்டேன்.

தீனா

---

கரட்டுக்காடு
9.8.2025

என் சாமி,

உன் கடிதம் வந்ததும் போனை எடுத்தேன். நீ "ஹலோ, ஹலோ" என்றாய். பிறகு "அக்கா" என்றாய். பேச மாட்டேன் என்று சத்தியம், கேட்க மாட்டேன் என்று இல்லை. அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டுதான் கேட்டேன். நீ வைத்த பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை.

ஆத்தாளிடம் போய்ச் சத்தியத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். வண்டி வந்துதான் பேச வேண்டும். என் தம்பிக்காக நான் தணிந்து போனேன் என்று நாளைக்கு நீ நினைக்கக்கூடாது. தணிந்து போனதற்கு விலை மூன்று விரல், போதும்.

தகடு கழற்றியதைப் பார்த்தவர்கள் அங்கே எத்தனை பேர்? உன் ஸ்டூலைத் தாண்டிப் போகிறார்களே, அவர்கள் அத்தனை பேரும் பார்த்தவர்கள்தானே? ஒவ்வொருத்தராகக் கேள். நானும் நல்லம்மாளோடு ஆரம்பித்தேன், இரண்டு பேர்தான்.

உன்னை வணக்கம் போட்டு எழுப்பிவிட்டார்கள், நீயும் மணலைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாய். திரும்பிப் பாருடா.

அக்கா

---

கரட்டுக்காடு
28.9.2025

தீனாவுக்கு,

நலம். இலக்கியாவுக்கு என் அன்பு.

வெள்ளிக்கிழமை மச்சாண்டார் பட்டறை வாசலுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. தறிச் சத்தத்தில் அவர் பேசியது கேட்கவில்லை, ஆறு தறியையும் நிறுத்தினேன். "முட்டை வாங்கறவன் வேற பண்ணைக்குப் போயிருவேங்கறான். நடந்தது போதும், வண்டிய உட்டுக்க" என்றார். "கோயில்ல வெச்சு எழுதினதுங்க. கோயில்லயே வெச்சு மாத்தி எழுதிருங்க" என்றேன். நேற்று எழுதியாகிவிட்டது. அதே பெரியவர்கள்தான். இந்தத் தடவை பேனாவை எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கேட்டைக் கழற்றிவிட்டார்கள். இன்று காலை டெம்போ பட்டறை வாசலில் வந்து நின்றது. டிரைவர் வேண்டுமென்றே நீளமாக ஒரு ஹாரன் அடித்தான். நல்லம்மாள் வண்டியில் ஏற மாட்டேன் என்று அதற்கு முன்னால் நடந்தே வந்தாள்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து உனக்குப் போன் செய்யப் போகிறேன். எட்டு மாதத்துத் திட்டு பாக்கி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு உட்கார்.

அக்கா

---

சூரத்
17.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீனா வணக்கத்துடன் எழுதுவது. நலம். தினமும்தான் போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்குத் தபால் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் திட்டுகிறீர்கள், இல்லாவிட்டால் அழுகிறீர்கள். நடுவில் என்னால் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இன்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். தகடு கழற்றியதைப் பார்த்ததாகச் சொல்ல ஐந்து பேர் கூட வந்தார்கள். மில்லிலிருந்து அங்கே வரைக்கும் நடந்துதான் போனோம். ஆட்டோ பிடிக்கலாம் என்று ஒருவன் சொன்னான், நான் வேண்டாம் என்றுவிட்டேன். வழியில் அவர்களுக்கு நம்ம படத்தின் கதையைச் சொன்னேன், நம்ம ஊர் வரிசையில்.

அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு, மில்லில் இருந்து வந்த அந்தத் தாளையும் எடுத்துப் பார்த்தார். "இதில் ரேகை வைத்திருக்கிறாயே, படிக்காதவன் என்று நினைத்தேன். உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்டார். போன மார்ச்சில் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன், அக்கா. அன்றைக்கு இந்த இடது கைக்கு ஒரு கோடு இழுக்கக்கூடத் தெரியாது. நீங்கள் போனில் பேசியிருந்தால் இது பழகியே இருக்காது. உங்களுக்குப் பதில் எழுதி எழுதித்தான் பழகியது. ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும், கோபமாக வரும், கிழித்துப் போடுவேன், மறுபடி எழுதுவேன். வேறு யாருக்கும் நான் எழுத வேண்டியிருக்கவில்லை.

பேனாவை வாங்கி, அவர் மேசையிலேயே வைத்து, முழுப் பெயரையும் எழுதினேன். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு மெதுவாக எழுதினேன். மை தேயவில்லை.

தங்கள் தம்பி,
தீனதயாளன்